அக்காவோட பாட்டில் ஏன் உறையல

இல்ல மேடம், அந்த நாற்காலி எப்பவுமே அப்படித்தான் ஆடும். நேத்து நீங்க உக்காரும்போதே சொல்லியிருக்கணும், விட்டுட்டேன். அடுத்த தடவ ஜன்னல் ஓரமா இருக்கிற கறுப்பு நாற்காலிய எடுத்துக்கோங்க, அது நல்லா உறுதியா இருக்கும்.

நேத்து நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. "நீ பக்கத்துலதானே நின்ன, அக்கா ஃபில்டர் பண்ணும்போது எப்படித் தீப்பிடிச்சுது?" நான் தெரியலன்னு சொன்னேன். விசாரணைக் கமிட்டில மத்த ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நீங்க மட்டும்தான், "பரவால்ல தம்பி, வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாரு, வாய்ல எப்படி வருதோ அப்படியே டைப் பண்ணி அனுப்பு, இலக்கணமெல்லாம் வேணாம்"னு சொன்னீங்க. அதான் பேசுற மாதிரியே டைப் பண்றேன். தெரியலன்னு சொன்னது பொய். அத முதல்லயே சொல்லிடறேன், அப்பதான் மத்ததெல்லாம் உங்களுக்கு சுலபமாப் புரியும்.

அக்கான்னா கூடப் பொறந்த அக்கா இல்ல. லேப்ல எனக்கு சீனியர். தீசிஸ் எழுதி முடிக்கிற கட்டத்துல இருந்தாங்க, நான் சேந்து ரெண்டாவது வருஷம். எனக்கு 'அவசரம்'னு பேர் வச்சது அவங்கதான். வந்த புதுசுல, சூடா இருந்த ஒரு ஃப்ளாஸ்க்க ஆறுறதுக்கு முன்னாடியே திறக்கப் போனேன். கையத் தட்டிவிட்டு, "என்னடா அவசரம் உனக்கு, உள்ள இருக்கிறது ஓடியா போயிடும்"னாங்க. சாயங்காலத்துக்குள்ள கீழ டீக் கடை வரைக்கும் அந்தப் பேர் போயிடுச்சு. இப்ப எங்க கைடு சார்கூட அப்படித்தான் கூப்பிடறாரு. எனக்கு அதுல கோபம் இல்ல. கொஞ்சம் இருந்துச்சு. இப்ப இல்ல.

கமிட்டில ஒருத்தர் கட்டட இன்ஜினியர்னு சொன்னாங்க, அதனால எங்க வேலை என்னன்னு அவருக்காக ஒரு தடவ சொல்லிடறேன். சில மாலிக்யூலுக்கு ரெண்டு வடிவம் உண்டு, ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி. வலது ஒண்ணு, இடது ஒண்ணு. பாக்க ஒண்ணாத்தான் இருக்கும், ஆனா மாத்திப் போட்டா கால் உள்ள போகாது. மருந்து செய்றவங்களுக்கு வலது மட்டும் வேணும். இடது சும்மா கிடக்கும், சில சமயம் கெடுதலும் பண்ணும்.

நாங்க எடுத்துக்கிற பொருள் காகிதம் மாதிரி தட்டையானது. அது பிளாட்டினம் மேல போய்ப் படுக்கும். பிளாட்டினம் மேல ஹைட்ரஜன் ஏற்கெனவே காத்துக்கிட்டிருக்கும். காகிதத்தோட எந்தப் பக்கம் கீழ இருக்கோ அந்தப் பக்கமா ஹைட்ரஜன் ஏறிக்கும். ஒரு பக்கமாப் படுத்தா வலது கிடைக்கும், கவுந்து படுத்தா இடது கிடைக்கும். சும்மா விட்டா பாதிக்குப் பாதி. அதனால ஒரு மரப்பட்டைலேர்ந்து எடுக்கிற பொருள ஒரு சிட்டிகை சேப்போம், மலேரியா மருந்துக்கு சித்தப்பா பையன் மாதிரி அது. அது பிளாட்டினம் மேல உக்காந்துக்கிட்டு, பஸ் கண்டக்டர் மாதிரி, வர்ற ஒவ்வொருத்தரையும் "இப்படித் திரும்பு, இப்படித் திரும்பு"ன்னு சொல்லும்.

இவ்வளவும் நடக்கிறது ஒரு திரவத்துக்குள்ள. அதுதான் சால்வென்ட். யாரும் அத ஒரு பொருட்டாவே நெனைக்கிறதில்ல. மீன் தொட்டில தண்ணி மாதிரி, இருந்தாப் போதும்னு நெனைக்கிறாங்க. அது ரொம்பத் தப்பு மேடம். சால்வென்ட் மாறினா கண்டக்டர் நிக்கிற தோரணையே மாறிடும். ஒரு திரவத்துல கைய விரிச்சு கரெக்டா நிப்பாரு. இன்னொண்ணுல சுருண்டு தூங்கிடுவாரு, யார் எந்தப் பக்கம் ஏறினா எனக்கென்னன்னு. இத நெனைச்சா எனக்கு இப்பவும் உடம்பு சிலிர்க்குது. கண்ணுக்கே தெரியாத ஒருத்தரோட முதுகு வளையறதப் பொறுத்து ஒரு மருந்து மருந்தா இருக்குது, இல்லாமப் போகுது.

அக்காவோட திரவம், வினிகர்ல இருக்கிற அமிலம். தண்ணி கலக்காம சுத்தமா. அதுல அவங்களுக்கு நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு வலது வந்துச்சு, எப்ப செஞ்சாலும். அவங்க தீசிஸ் முழுக்க அந்த ஒரு நம்பர் மேலதான் நின்னுச்சு. வேற ஒரு லேப்ல அத செஞ்சு பாத்துட்டு, எங்களுக்கு இவ்வளவு வரலன்னு ஒரு மெயில் போட்டாங்க. அந்த லேப் பிளாட்டினத்த சரியா சுடல, அவ்வளவுதான் விஷயம், அது எனக்கும் தெரியும் அக்காவுக்கும் தெரியும். ஆனா சார் முகம் மாறிடுச்சு. அக்காவக் கூப்பிட்டு, "மறுபடி செஞ்சு காட்டு. தொடர்ச்சியா அதே நம்பர் வரட்டும். வந்தா கையெழுத்துப் போடறேன், வரலன்னா தீசிஸ் என் மேசையத் தாண்டாது"ன்னாரு. அக்கா சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாங்க. "இவ்வளவுதானே, இந்த மாசத்துக்குள்ள முடிச்சுட்டு என் பொண்ணோட முழுசா ஒரு நாள் தூங்கப் போறேன்"னாங்க. ஆறு வருஷமா அந்தப் பொண்ண ஞாயித்துக்கிழமைலதான் அவங்க பகல் வெளிச்சத்துல பாத்திருக்காங்க, அது அவங்களே சொல்ற ஜோக்.

அதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு ஐடியா இருந்துச்சு. சுத்தமான அமிலத்துல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா வேற ஒரு திரவத்த, மெத்தனால்னு வச்சுக்கோங்க, கூட்டிக்கிட்டே போனா, கண்டக்டர் எந்த இடத்துல முதுக வளைக்கிறாருன்னு ஒரு கோடு போட்டுப் பாத்துடலாம். யாருமே அத ஒழுங்காப் போடல. நான் அக்காகிட்ட சொன்னேன். பட்டாசுச் சரம் மாதிரி படபடன்னு பேசினேன்னு அவங்களே சொன்னாங்க. கடைசில, "நல்ல ஐடியாதான்டா. ஆனா இப்ப உன் கலவைக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல. நீயே பண்ணு, முதல்ல கையுறை போட்டுக்கிட்டுப் பண்ணு"ன்னுட்டுப் போயிட்டாங்க.

நானே பண்ணேன். என் கை சரியில்ல மேடம். அத ஒத்துக்கிறதுல எனக்கு வெக்கம் இல்ல. ஒரே கலவைய ரெண்டு தடவ செஞ்சா ரெண்டு நம்பர் வரும். ஒரு நாள் எண்பது, மறுநாள் எழுபது. சார் என் கிராஃபப் பாத்துட்டு, "இது என்னது, அம்மை போட்ட முகமா"ன்னாரு. லேப் மீட்டிங்ல எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா சிரிக்கல, தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்னு அப்ப தோணுச்சு.

என்கிட்ட கேள்வி இருந்துச்சு. அவங்ககிட்ட கை இருந்துச்சு. நீங்க எப்படிப் பாத்தாலும் இது ரொம்ப எளிமையான கணக்கு.

முதல் தடவ கலந்தது காலைல, அவங்க லேபுக்கு வர்றதுக்கு முன்னாடி. ஷெல்ஃப்ல அவங்க பேர் ஒட்டின பாட்டில். ரொம்பக் கொஞ்சம்தான் ஊத்தினேன். அந்த அமிலத்தோட நெடிக்கு மூக்கே எரியும், அதுக்குள்ள மெத்தனால் வாசனையெல்லாம் யாருக்கும் தெரியாது. அக்கா வந்தாங்க, வழக்கம் போல செஞ்சாங்க. அளக்கிற மெஷின்ல தொண்ணூத்திரண்டு வந்துச்சு. "ச்சே, மெஷினுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல"ன்னாங்க. மறுபடி அதே பாட்டில்லேர்ந்து செஞ்சாங்க. மறுபடி தொண்ணூத்திரண்டு. மேடம், ரெண்டு வருஷமா என் கலவைல ஒரே நம்பர ரெண்டு தடவ நான் பாத்ததே இல்ல. அன்னிக்கு சந்தோஷத்துல எனக்கு சோறே இறங்கல.

இத நீங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா மருந்து ஆராய்ச்சில இதத்தான் பண்றாங்க. மாத்திரை சாப்பிடறவருக்கு அது மருந்தா வெறும் மாவான்னு தெரியாது. தெரிஞ்சா மனசு நம்பர மாத்திடும். அக்காவுக்குத் தெரியாததாலதான் அவங்க நம்பர் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. அவங்க ஒவ்வொரு தடவையும் தொண்ணூத்தஞ்சு வரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் செஞ்சாங்க. அப்படியும் அந்த வேண்டுதல் நம்பர்ல ஒட்டவே இல்ல. அந்த மாதிரி ஒரு கை லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கும்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினேன். தொண்ணூறு. எண்பத்தேழு. எண்பத்திரண்டு. கோடு வழவழன்னு இறங்கிச்சு, சறுக்குமரம் மாதிரி.

அக்கா அந்த நாட்கள்ல என்னென்ன செஞ்சாங்கன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. ஹைட்ரஜன் சிலிண்டர மாத்தினாங்க. புது பிளாட்டினம் வாங்கினாங்க. ரியாக்டர, அதான் அந்த ஸ்டீல் பாத்திரத்த, பிரிச்சுப் போட்டு நட்டு நட்டாத் தேச்சுக் கழுவினாங்க. மோதிரத்தக் கழட்டி வச்சாங்க. கைல க்ரீம் போடறத விட்டாங்க, தோல் வெடிச்சு ரத்தம் வந்துச்சு. வீட்டுல துணி துவைக்கிற சோப்ப மாத்தினாங்க, லேப் கோட்லேர்ந்து ஏதாவது வருதோன்னு. புது அமில பாட்டில்கூட உடைச்சாங்க, என் கண்ணு முன்னாடியே சீலப் பிரிச்சாங்க. அவங்க சாப்பிடப் போனப்ப அதையும் அந்த வாரத்துக்கு வேண்டிய அளவுக்குக் கொண்டு வந்துட்டேன்.

சார் ஒரு நாள் எல்லார் முன்னாடியும், "ஆறு வருஷமா என்னத்தம்மா அளந்த? கனவையா?"ன்னு கேட்டாரு. அக்கா நோட்ட மூடிட்டு எழுந்து போனாங்க. அப்புறம் கை கழுவற இடத்துல தண்ணியத் திறந்து விட்டுட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. நான் பக்கத்துல போய், "உங்க கைல தப்பே இல்லக்கா"ன்னேன். தினமும் அதத்தான் சொல்லுவேன். அது நூத்துக்கு நூறு உண்மை. அவங்க கண்ணத் தொடச்சுக்கிட்டு, "இந்த லேப்ல நீ ஒருத்தன்தான்டா இன்னும் என்ன நம்புற"ன்னாங்க. அவங்களுக்கு என்னைக்காவது எல்லாம் தெரியும்போது எவ்வளவு சந்தோஷப்படுவாங்கன்னு நெனைச்சேன். தான் தோத்துட்டோம்னு நெனைச்ச ஒவ்வொரு நாளும் ஜெயிச்ச நாள்னு தெரிஞ்சா யாருக்குத்தான் சந்தோஷமா இருக்காது.

ஒரே ஒரு இடத்துல மாட்டியிருப்பேன். அத சொல்லித்தான் ஆகணும்.

அந்த அமிலம் சுத்தமா இருந்தா, ரூம் கொஞ்சம் குளிர்ந்தாலே உறைஞ்சு போயிடும். எங்க லேப்ல மெஷினுக்காக ஏசிய எப்பவும் பதினாறுல ஓட விடுவாங்க. காலைல வந்தா அக்காவோட பாட்டில் அடில கண்ணாடிக் கட்டி மாதிரி நிக்கும். அவங்க அத வெந்நில வச்சு உருக்கிட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பாங்க, குழந்தைக்குப் பால் ஆத்தற மாதிரி பாட்டிலக் கைல வச்சு உருட்டிக்கிட்டே. வேற எதாவது கலந்துட்டா அது அவ்வளவு சுலபமா உறையாது. இத நான் யோசிக்கவே இல்ல. அக்கா யோசிச்சாங்க.

"டேய் அவசரம், ஒண்ணு கவனிச்சியா. என் பாட்டில் இப்பல்லாம் உறையவே மாட்டேங்குது."

"ஏசி சரியில்லக்கா. எனக்கே வேர்க்குது."

"உனக்கு எப்பதான் வேர்க்கல. உன்ன ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுப் பூட்டினாலும் வேர்க்கும்."

சிரிச்சாங்க. ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் சிரிச்சாங்க. பாட்டில வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு ஒரு தடவ சாய்ச்சுப் பாத்தாங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா அவங்களுக்கு விஷயம் பிடிபட்டிருக்கும், அவங்க மூளை அப்படி. ஆனா நான் சொன்னத நம்பிட்டாங்க. "ஆமா, நேத்துகூட புழுக்கமாத்தான் இருந்துச்சு"ன்னுட்டு வேலையப் பாக்கப் போயிட்டாங்க. மனுஷங்களுக்கு இன்னொருத்தர் சொன்னா, புழுங்கக்கூட செய்யும் போல. அவங்க அந்தப் பக்கம் போனதும் நான் ஏசிய இருபத்தஞ்சுக்கு ஏத்தி வச்சேன். சொன்னது பொய்யாப் போயிடக் கூடாதுல்ல.

இப்ப நீங்க கேட்ட விஷயத்துக்கு வர்றேன்.

கோட்டுல கடைசியா ஒரு புள்ளி வேணும். சறுக்குமரம் கீழ போய்த் தரையத் தொடுற இடம். அதுக்குக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கலக்கணும். அன்னிக்குக் காலைல கலந்து வச்சேன். அது அக்காவுக்கும் கடைசி நாள். சார் அவங்களுக்கு இனி ஒரே ஒரு வாய்ப்புதான்னு சொல்லியிருந்தாரு. இன்னிக்கு வரலன்னா தீசிஸ வாபஸ் வாங்கிக்கறேன்னு அக்காவே சொல்லிட்டாங்க. வீட்டுல அவங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டாங்க. அவர் ஸ்கூல் பஸ் ஓட்டறவர், நான் மாமான்னு கூப்பிடுவேன். "மாமா என்ன சொன்னாரு"ன்னு கேட்டேன். "வந்துடு, பஸ்ல க்ளீனர் வேலை காலியாத்தான் இருக்குங்கறாரு"ன்னாங்க. அதுக்கும் ரெண்டு பேரும் சிரிச்சோம்.

எங்க லேப்ல சேர்ற எல்லாருக்கும் முதல்ல சொல்லித் தர்றது ஒண்ணுதான். வேலை முடிஞ்சதும் பிளாட்டினம் ஹைட்ரஜனக் குடிச்சுட்டு உக்காந்திருக்கும். அத வடிகட்டும்போது காய விடாதே. மெத்தனால் மாதிரி ஒண்ணுல நனைஞ்ச பிளாட்டினம் காத்துபட்டுக் காய ஆரம்பிச்சா தானாவே சூடேறி, ஆவியப் பத்த வச்சுடும். ஈரம் போறதுக்குள்ள தண்ணி ஊத்திடணும். எனக்கு இத சொல்லித் தந்தது அக்காதான்.

ஆனா அக்காவுக்குன்னு ஒரு பழக்கம் இருந்துச்சு. அவங்க தண்ணிய உடனே ஊத்த மாட்டாங்க. வடிகட்டி முடிச்சதும் பம்ப்ப ஓட விட்டு கொஞ்ச நேரம் காத்த இழுப்பாங்க, பிளாட்டினத்துல ஒட்டியிருக்கிற கடைசித் துளி வரைக்கும் கீழ இறங்கட்டும்னு. அதனாலதான் அவங்க கணக்கு எப்பவும் அவ்வளவு துல்லியம். அவங்க அமிலத்துல அத செய்யலாம். அது அவ்வளவு சுலபமாப் பத்திக்காது, அதுவும் ரூம் குளிரா இருந்தா. வருஷக்கணக்கா அந்த ஒரு திரவத்தோடயே இருந்து, அது எவ்வளவு தாங்கும்னு பாத்துப் பாத்து வந்த பழக்கம். கேன்டீன்ல இப்ப எல்லாரும் அக்கா அலட்சியமா இருந்தாங்க, டென்ஷன்ல பாதுகாப்ப மறந்துட்டாங்கன்னு பேசறாங்க. கேட்டா எனக்கு வயிறு எரியுது. அவங்க எதையும் மறக்கல. அவங்க கைல இருந்த திரவத்துக்கு அவங்க செஞ்சது சரி. அவங்க கைல இருந்த திரவம் அது இல்ல, அவ்வளவுதான்.

எனக்கு அது தெரியும். மதியம் சாப்பிடும்போதே யோசிச்சேன். முந்தின கலவைகள்லயும் அவங்க காத்த இழுத்தாங்க, ஒண்ணும் ஆகல. ஆனா அதெல்லாம் கொஞ்சம். இது பாதி. "அக்கா, இன்னிக்குத் தண்ணிய உடனே ஊத்திடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொன்னா, ஏன்டான்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா கடைசிப் புள்ளி போயிடும். சொல்லாம வேற எதாவது சாக்கு சொல்லலாமான்னும் பாத்தேன். அதுக்குள்ள கை கழுவிட்டுத் திரும்பிட்டோம்.

அவங்க வடிகட்டினாங்க. வலது எவ்வளவுன்னு முன்கூட்டியே பாக்க ஒரு துளிய ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பில எடுத்து மூடி, வலது பக்கமா மேசை மேல வச்சாங்க. பம்ப் ஓடிக்கிட்டிருந்துச்சு. கறுப்புப் பொடி ஓரத்துலேர்ந்து காஞ்சு வெளுக்க ஆரம்பிச்சுது. நான் என் லேப்டாப்ப எடுத்து அடுத்த மேசைல வச்சேன். ஒரு ஜாக்கிரதைக்குத்தான்.

முதல்ல பொடிக்கு நடுவுல ஒரு சிவப்புப் புள்ளி தெரிஞ்சுது. அது அழகா இருந்துச்சுன்னு சொன்னா நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அக்காவும் பாத்துட்டாங்க. பாத்ததும் அவங்க ஓடியிருக்கலாம். ஓடல. கீழ ஃப்ளாஸ்க்ல அவங்களோட கடைசி வாய்ப்பு இருந்துச்சு, அதக் காப்பாத்தணும்னு ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தாங்க. ஃப்ளாஸ்க் கழண்டுச்சு. காத்து உள்ள போச்சு. மெத்தனால் தீ வெளிச்சத்துல சரியாவே தெரியாது, அதனால அவங்க ஏன் அப்படிக் கத்தறாங்கன்னு கதவுகிட்ட நின்னவங்களுக்குக் கொஞ்ச நேரம் புரியல. நீலக் கையுறை உருகி விரல்ல ஒட்டிக்கிச்சு.

நான் எக்ஸ்டிங்விஷர எடுக்கப் போனேன்னு நேத்து சொன்னேன். போனேன். அதுக்கு முன்னாடி அந்தக் குப்பிய எடுத்துப் பாக்கெட்ல போட்டேன். போற வழிலதான் இருந்துச்சுன்னு இத எழுத ஆரம்பிக்கும்போது எழுதலாம்னு நெனைச்சிருந்தேன். வழில இல்ல. எதிர்ப்பக்கம்.

அவங்கள ஆம்புலன்ஸ்ல ஏத்தினதும் லேப் காலியாயிடுச்சு. எல்லாரும் கீழ நின்னு அழுதுக்கிட்டிருந்தாங்க. மெஷின் ரூம் தீப்பிடிச்ச பக்கம் இல்ல, கரன்ட் இருந்துச்சு. குப்பிய மெஷின்ல வச்சேன். அறுபத்தெட்டு. கோட்ட முன்னாடியே நீட்டி வரைஞ்சு வச்சிருந்தேன். அறுபத்தெட்டு வரும்னு அதுல இருந்துச்சு. வந்துச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கள டாக்டர் இன்னும் உள்ள விடலன்னு தெரியும், ஆனா நான் வீட்டு ஆள் மாதிரி, மாமாவே கூட்டிட்டுப் போனாரு. முகத்துல பாதிய மூடியிருந்தாங்க. ரெண்டு கையும் கட்டுக்குள்ள இருந்துச்சு. வலது கைல விரல் எதையும் மிச்சம் வைக்க முடியலன்னு மாமா வெளிலயே சொல்லிட்டாரு. அவங்க பொண்ணு வந்துட்டு, அம்மா குரல் மட்டும்தான் அம்மா மாதிரி இருக்குன்னு சொல்லிச்சாம். மாமா மாத்திரை வாங்கப் போனாரு. நான் அக்கா காதுகிட்டக் குனிஞ்சு சொன்னேன். இத சொல்லத்தான் அவ்வளவு நாளாக் காத்துக்கிட்டிருந்தேன்.

"அக்கா, நீங்க தீசிஸ வாபஸ் வாங்க வேணாம். நீங்க அளந்தது எல்லாமே சரி. ஒரு நம்பர்கூட தப்பில்ல."

"உனக்கெப்படிடா தெரியும்?"

"நான்தான்க்கா கலந்தேன். மெத்தனால்."

மூடாத கண்ணு என்னையே பாத்துச்சு. அப்புறம் கேட்டாங்க, "கடைசி நாள் எவ்வளவு?"

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு மேடம். அந்த நிலைமலயும் அளவு என்னன்னு கேக்கறாங்க பாருங்க. அப்படி ஒருத்தர நீங்க வேற எங்கயும் பாக்க முடியாது. "கிட்டத்தட்ட பாதிக்கா"ன்னேன். "அறுபத்தெட்டு வந்துச்சு"ன்னும் சொன்னேன்.

"அப்ப நான் காத்து இழுக்கும்போது உனக்குத் தெரியும்."

அது கேள்வி மாதிரி இல்ல, அதனால நான் பதில் சொல்லல. அவங்க முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. திருப்பறதுக்கே வலிச்சிருக்கும். மாமா உள்ள வந்ததும், "இவன அனுப்பிடுங்க, தூங்கணும்"னு மட்டும் சொன்னாங்க. மாமா என்னோட லிஃப்ட் வரைக்கும் வந்தாரு. தோள்ல கை போட்டு, "தப்பா எடுத்துக்காத தம்பி, வலில பேசறா. உன் மேல அவளுக்கு ரொம்பப் பாசம். அடிக்கடி வந்துட்டுப் போ"ன்னாரு. சரி மாமான்னேன். அக்கா அவர்கிட்ட சொல்லல போல. அதிர்ச்சில இருக்காங்க. நிதானமா யோசிச்சா அவங்களுக்குப் புரியும். சயின்ஸ் தெரிஞ்சவங்க.

இதெல்லாம் இப்ப எதுக்கு சொல்றேன்னு நீங்க நெனைக்கலாம். பயத்துல சொல்லல. யாரும் என்ன சந்தேகப்படல. சார் என்ன ஒரு வாரம் லீவு எடுத்துக்கச் சொல்லியிருக்காரு, நான் ரொம்ப பாதிக்கப்பட்டிருக்கேனாம். நேத்து நீங்க போனதுக்கப்புறம் அவர் எங்க எல்லாரையும் கூப்பிட்டு, கமிட்டி இத விபத்துன்னுதான் எழுதப் போகுது, செஞ்சவங்க கவனக்குறைவு, அதனால அந்த நாட்கள்ல அக்கா எடுத்த நம்பர் ஒண்ணையும் இனிமே எதுலயும் சேக்கக் கூடாது, எல்லாத்தையும் அழிச்சுடுங்கன்னு சொன்னாரு. எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு நைட்டெல்லாம் தூக்கம் வரல.

யோசிச்சுப் பாருங்க. அந்த நம்பர் ஒவ்வொண்ணுக்கும் அவங்க என்ன கொடுத்திருக்காங்க. அத கவனக்குறைவுன்னு சொல்லித் துடைச்சுப் போட்டா, அவங்க கை எதுக்குப் போச்சு? ஒண்ணுத்துக்கும் இல்லாமப் போனதாயிடும். அந்த அநியாயத்த என்னால பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியாது. எந்தெந்த நாள் எவ்வளவு கலந்தேன்னு எனக்கு அத்துப்படி, எப்ப வேணா உக்காந்து சொல்றேன். கோட்டையும் இதோட சேத்து அனுப்பறேன். ஒரு புள்ளிகூட விலகல. மேல அவங்க பேர்தான் முதல்ல போட்டிருக்கேன், என் பேர் ரெண்டாவது.

அதனால தயவுசெஞ்சு விபத்துன்னு எழுதாதீங்க மேடம். தெரியாம நடந்தாத்தான் விபத்து. இதுல அளவு தெரியும், காத்து பட்டா என்ன ஆகும்னு தெரியும், அவங்க இழுக்கப் போறாங்கன்னு தெரியும், தெரிஞ்சுதான் பேசாம நின்னேன். ஒரு எக்ஸ்பெரிமென்ட்டுக்கு வேற என்ன வேணும்? நான் தெரிஞ்சே செஞ்சதா அப்படியே எழுதிட்டீங்கன்னா, அந்த அறுபத்தெட்டக் கோட்டுல வச்சுக்கலாம்ல, நீங்க என்ன நெனைக்கிறீங்க?